அம்மாவுக்காகத் தாழ்த்திய வண்டி

நம் சிறுவயதில் ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்றால் அது அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை, ஞாபகம் இருக்கிறதா? தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பார்கள். ஓட்டத் தெரியாதவர்தான் முதலில் அபிப்பிராயம் சொல்வார். எங்கள் வாசலில் நின்றது ஒரு பிக்கப். ஜீப்பின் முகம், பின்னால் திறந்த தொட்டி. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை நிறம் என்று போட்டிருந்தது. பசுமலைப் புழுதியில் அது வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இப்போது மாத்திரை அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்த சிறுமி. அந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த கோடை அது. அந்தச் சந்தோஷத்தை நாங்களே மூட்டை கட்டிப் பரணில் போட்டதும் அதே கோடையில்தான்.

வண்டி விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மதுரையைச் சுற்றி ஓடிய பிக்கப்களில் ஒன்றாவது கம்பெனி கொடுத்த உயரத்தில் ஓடியதா என்பது சந்தேகம். புது வண்டி எடுத்த கையோடு ஸ்பிரிங் பட்டறைக்கு ஓட்டிப்போய் அடியில் கூடுதலாகப் பட்டை போட்டுவிடுவார்கள். வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கியிருக்கும். பட்டை கூடினால் வண்டி உயரும், பாரம் தாங்கும். அப்பா திருமங்கலம் பக்கத்துச் சூளைகளிலிருந்து செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தார், அதனால் எங்கள் வண்டியில் முன்னும் பின்னும் பட்டை அதிகம். பாரம் இல்லாதபோது அது சண்டைக்குப் போகிற சேவல் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். கதவுப் பிடியைத் தொடுவதற்கே நான் எக்க வேண்டும்.

அம்மாவுக்கு இடது கால் சூம்பியிருந்தது. குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதம். இடது கையை இடது முழங்காலில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். வேகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, வலது காலால் மட்டும் பெடலை மிதித்து, தெருவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். வாயும் அந்த ஊசி மாதிரிதான். முன்பு அப்பாவிடம் மொபெட் இருந்தபோது பின்னால் உட்கார்ந்துகொண்டு கோயில், சினிமா, கடைத்தெரு என்று சுற்றி வருவாள். பிக்கப் வாங்குவதற்காக மொபெட்டை விற்றார்கள். ஆடி மாதம் குலசாமி கும்பிடப் புறப்பட்டபோது அப்பா அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்தார். எதிரே சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து இறங்கிய பிறகு அம்மா அந்த வண்டிப் பக்கம் போகவே இல்லை. வெளியே போகிற பழக்கமும் அதோடு விட்டுப்போனது.

அந்தக் கோடையில் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி, திருவாதவூரில் விவசாயம். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அம்மா முன்னால் நீட்டினார்.

"அக்கா, எம் மக பெரிய மனுசியாயிட்டா. சடங்கு வச்சிருக்கோம். அத்தக்காரி நீதான் வந்து மொதத் தண்ணி ஊத்தணும்."

எங்கள் பக்கத்தில் அது அத்தையின் உரிமை. வயதுக்கு வந்த பெண்ணைப் பலகையில் உட்காரவைத்து, அவள் அப்பாவோடு பிறந்தவள் முதல் செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிய பிறகுதான் மற்றவர்கள் ஊற்றலாம். அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியது. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள், முடி எவ்வளவு நீளம் என்றெல்லாம் கேட்டாள். பாவாடைக்கு அளவு கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஆனா நான் எப்பிடிப்பா வாரது? பஸ்ஸுல முண்டியடிச்சு ஏற முடியாது. இவரு வண்டி மச்சு வீடு மாதிரி அம்புட்டு ஒசரத்துல நிக்குது."

"அதெல்லாம் நான் கூட்டியாரேன் மாப்ள. நீ போயி ஆக வேண்டியதப் பாரு" என்றார் அப்பா.

இப்போது யோசித்தால், அம்மா பிறந்த வீட்டுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. மாமாதான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். மொபெட் இருந்த காலத்தில், அவ்வளவு தூரம் முதுகு தாங்காது என்பாள். பிக்கப் வந்ததும் தூரம் போய் உயரம் வந்தது. எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அப்பா முதலில் ஒரு ஸ்டூல் வாங்கி வந்தார். அம்மா ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆடுது" என்றாள். நான் அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினேன்.

"ஒனக்கு ஆடாது. எனக்கு ஆடுது."

அடுத்து அப்பா கதவுக்குக் கீழே இரும்புப் படி ஒன்றை வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "சேலை மாட்டும், கிழிஞ்சுரும்" என்றாள். அப்பா அரத்தை எடுத்து அதன் முனையெல்லாம் ராவி வழுவழுப்பாக்கினார். "இப்ப வழுக்கும்" என்றாள். நானும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் நினைவு. அவள் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை.

வாடகைக் கார் பிடித்தால் வேலை முடிந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சொந்த வண்டி வைத்திருக்கிறவன் மாமனார் ஊரில் வாடகைக் காரில் போய் இறங்குவதா? அப்பாவின் காதில் அது விழவே இல்லை.

ஒரு மாலை அம்மா வாசலில் இருந்த துவைக்கிற கல்லில் பக்கவாட்டில் சாய்ந்து ஏறி உட்கார்ந்து, கால்களைத் தொங்கப் போட்டபடி பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. அப்பா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உள்ளே போனதும் கல்லோடு ஒட்டி நின்று, அது தன் தொடையில் எந்த இடத்துக்கு வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்காமலே வண்டிக்கு நடந்து போய்க் கதவைத் திறந்து, சீட்டின் உயரத்தோடு ஒத்துப் பார்த்தார். தொடையில் கையை அழுத்திக்கொண்டு அவர் நடந்த நடையைத் தெருவே பார்த்தது.

"ஒங்கம்மாட்ட மூச்சு விட்ட, பாரு" என்று என்னிடம் விரலை ஆட்டினார்.

மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு தெற்குவாசல் பக்கத்து ஸ்பிரிங் பட்டறைக்குப் போனார். கரி உலையில் பட்டைகள் பழுத்துக் கிடந்தன. சம்மட்டி விழும்போதெல்லாம் பல் கூசியது. பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வண்டிக்குக் கூடுதல் பட்டை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அவர் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்து, பழைய டயர் மேல் உட்காரவைத்தார்.

"என்னண்ணே, இன்னும் ஏத்தணுமா?"

"எறக்கணும் பாய்."

"வெளாடாதீங்கண்ணே. இந்தப் பட்டறைக்கு எறக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒரு ஆளு வந்ததில்ல."

"வீட்ல ஏற முடியல பாய். கால் அப்பிடி."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். குனிந்து அடியில் பார்த்தார். "போட்ட பட்டையெல்லாம் கழட்டிருவோம். மிச்சத்தத் தட்டி வளைவக் கொறச்சிருவோம். நல்லா எறங்கி வரும். ஆனா ஒண்ணுண்ணே. இனி செங்கல் ஏத்துனீங்க, டயரு தொட்டியப் போய் ஒரசும். சொல்லிப்புட்டேன்."

"செங்கல நான் பாத்துக்கிறேன். இம்புட்டு வரைக்கும் வரணும்" என்று அப்பா தொடையில் கையை வைத்துக் காட்டினார்.

ஒரு பகல் முழுக்க வேலை நடந்தது. வண்டியைக் கட்டைகளில் தூக்கி நிறுத்தி, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினார்கள். கதவுக்குக் கீழே வெல்டிங் வைத்திருந்த படியையும் அறுத்தெடுத்தார்கள். எல்லாம் முடிந்து வண்டியைத் தரையில் இறக்கியபோது அது பெருமூச்சு விட்டமாதிரி உட்கார்ந்தது. எங்கள் வண்டிக்கு அப்படி ஒரு சாதுவான முகம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கழற்றிய பட்டைகளைச் சாக்கில் சுற்றித் தொட்டியில் போட்டுக்கொண்டோம். வரும் வழியில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு உரசியது. உரசும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரனை அடித்தார். அம்மா ஊசி நூலோடு வெளியே வந்தாள்.

"இந்தா, ஏறு."

அம்மா வண்டியைப் பார்த்தாள். சக்கரங்களைப் பார்த்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். ஊசியை ரவிக்கையில் குத்திவிட்டு வந்து, சீட்டில் கையை ஊன்றி, திரும்பி, அப்படியே உட்கார்ந்தாள். பிறகு இடது காலை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஸ்டூல் இல்லை, படி இல்லை, பிடித்துத் தூக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கைதட்டினார்.

"யாரு ஒங்கள இதெல்லாம் பண்ணச் சொன்னது?" என்றாள் அம்மா. குரல் ஒருமாதிரி இருந்தது. அதை வெட்கம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். நானும்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பின் வந்த வாரங்களில் அம்மாவுக்கு வந்தது நிஜமான சந்தோஷம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் சவாரிக்குக் கீழக்குயில்குடி போனோம். சமணர் மலை அடிவாரத்தில் ஆலமர நிழலில், தாமரைக் குளத்தைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினார் அப்பா. அம்மா இறங்கவில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கால்களை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவித்த நிலக்கடலை வாங்கினோம். தோலையெல்லாம் அவள் அப்பா சட்டைப் பையில் போட்டாள். அவர் அதை வீடு வந்த பிறகுதான் கவனித்தார். மலை மேலே ஏறுகிறவர்களைப் பார்த்து, யார் பாதியில் திரும்புவார்கள் என்று எங்களோடு பந்தயம் கட்டினாள். அவள்தான் ஜெயித்தாள்.

இன்னொரு நாள் திருமங்கலத்துக்குப் போய் லேசும் பட்டனும் அவளே பார்த்துப் பார்த்து வாங்கினாள். அதுவரை அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்த நூலில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் நிறம் பற்றிச் சண்டை போட்டுவிட்டு முகம் பளபளக்க வெளியே வந்தாள். ரவிக்கை வெட்டிய மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு வண்டிக்கு ஒரு சீட் உறை தைத்தாள். சிவப்பு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள். கொதிக்கிற ரெக்ஸின் சீட்டில் அது போட்ட பிறகுதான் என் தொடை சுடாமல் இருந்தது. காலையில் காபி கொடுக்கும்போதே "இன்னைக்கு வண்டி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

அப்பா செங்கலை விட்டுவிட்டார். பந்தல்காரருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பேக்கரிக்கு ரொட்டித் தட்டு, மல்லிகை மூட்டை என்று லேசான பாரமாகப் பார்த்து ஓட்டினார். ஸ்டாண்டில் சக டிரைவர்கள் விடவில்லை. "என்னண்ணே, வண்டி குனிஞ்சு கும்பிடு போடுது, எலக்சன்ல நிக்கப் போறியா?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போவார். அவர் அப்படி ஓய்வாக நடந்து, அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

சடங்கு நாள் காலையில் அம்மா தலைவலி என்றாள். அப்பா ஓடிப்போய் மாத்திரை வாங்கி வந்தார். வயிறு சரியில்லை என்றாள். சோடா வந்தது. பிறகு அவள் பேசாமல் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். பரணிலிருந்து பித்தளைச் செம்பு ஒன்றை எடுக்கச் சொல்லி, புளி போட்டுத் தேய்த்து, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். நடுவில் கியர் கம்பி பக்கத்தில் நான். ஒத்தக்கடை தாண்டி, யானைமலை பின்னால் போய், வயல்கள் வந்தன. அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அம்மா செம்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

மாமா வீட்டில் பந்தல், மைக் செட், கூட்டம். அம்மா தானே இறங்கினாள். அப்பா அதைச் சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்களா என்று பார்த்தார். அவ்வளவுதான், ஆண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை பட்டை கழற்றினது, வளைவை எப்படி எடுத்தது, திருப்பத்தில் வண்டி ஆடுகிறதா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார்கள். "அவளே ஏறுனா, அவளே எறங்குனா. நான் ஒரு கை வைக்கல" என்று அப்பா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார்.

நான் அம்மாவோடு உள்ளே போனேன். பின்கட்டில் கிணற்றடியில் பலகை போட்டு, மாமா மகளை மஞ்சள் பூசி உட்காரவைத்திருந்தார்கள். அம்மா செம்போடு பின்வாசல் படியை நெருங்கியபோது, மாமாவின் மாமியார் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாசமாகத்தான் பிடித்தார்.

"நீ எதுக்குத் தாயி செரமப்படுற? கெணத்தடி பூராம் வழுக்குது. விழுந்து கிழுந்து வச்சா நல்ல நாளும் அதுவுமா... நீ இங்கன ஒக்காரு. எம் மூத்த மக ஊத்தட்டும். நீ மனசார வாழ்த்துனாப் போதும்."

மாமாவின் மனைவி அங்கேதான் நின்றாள். "ஆமா மதினி, வழுக்கும்" என்றாள். ஒரு நாற்காலி வந்தது. அம்மா உட்கார்ந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் புதிதாக மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். நான் செருப்பில்லாமல் போய் நின்றேன். வழுக்கவில்லை.

குலவை கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பலகையில் உட்கார்ந்திருந்தவள் நனைந்த தலையைத் திருப்பி, "எங்கப்பாகூடப் பொறந்த அத்தை எங்கேம்மா?" என்று கேட்டாள். யாரோ அவள் தலையை நேராகத் திருப்பிவிட்டார்கள். மாமா அப்போதுதான் உள்ளே வந்தார். அம்மா நாற்காலியில், மடியில் காலிச் செம்போடு இருப்பதைப் பார்த்தார். ஒரு நிமிஷம் நின்றார்.

"போகுதுக்கா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல" என்றார்.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றாள் அம்மா.

வாசலில் அப்பா இன்னமும் யாருக்கோ பட்டைக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அம்மாவ தண்ணி ஊத்த விடல" என்றேன். உள்ளே வந்தார். அம்மா அவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், இங்கே வேண்டாம் என்பதாக. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பந்தியில் உட்கார்ந்தோம். சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது ஊர் எல்லையில் கண்மாய்க் கரையோரம் அப்பா வண்டியை நிறுத்தினார். தண்ணீரில்லாத கண்மாய், கருவேல மரம், நல்ல வெயில்.

"இதுக்கு முன்னாடியும் இப்பிடி நடந்திருக்கா?"

அம்மா வெளியே பார்த்தபடி சொன்னாள். "நம்ம கல்யாணத்துக்கு முந்தி. ஒங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் அமையலைன்னு தம்பிக்கு மொதல்ல முடிச்சாகல்ல. தாலியில கடைசி முடிச்சு நாத்தனா போடணும். மேடை ஒசரமா இருக்கு, அக்காவால ஏற முடியாதுன்னு சொல்லி எங்க சித்தப்பா மகளப் போட வச்சாக. நாலு படிதான். ரெண்டு பேரு கையக் குடுத்திருந்தா ஏறியிருப்பேன். கால் வெளங்காதவ கை பட்டா ஆகாதுன்னு பொண்ணு வீட்டுல சொன்னாகளாம். அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லல. ஒசரம்னுதான் சொன்னாக."

"ஒந் தம்பி?"

"குனிஞ்ச தல நிமிரல. மாப்பிள்ளையில்ல."

அம்மா மடியிலிருந்த செம்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "அதுலருந்து நானும் அதையே சொல்லிக்கிட்டு வாரேன். தூரம், ஒசரம்னு. அவுகளுக்கும் மரியாத, எனக்கும் மரியாத."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க போயி வேட்டிய மடிச்சுக் கட்டுவீக. எனக்குன்னு இருக்கது ஒரே தம்பி. வருசத்துக்கு ரெண்டு தடவ வந்து, அக்கான்னு கூப்புட்டுட்டுப் போறான். அதுவும் போயிரும்."

அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். அழுகிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வெயிலுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். அம்மா சீட் உறையில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "எடுங்க வண்டிய. பிள்ளைக்குத் தாகமா இருக்கும்" என்றாள்.

விடிந்ததும் அப்பா பட்டைகள் கிடந்த சாக்கு மூட்டையைப் பட்டறையில் கொண்டுபோய் அவிழ்த்தார். நானும் கூடப் போனேன். பாய் பட்டைகளைப் பார்த்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தார்.

"பழையபடி போட்டிருங்க பாய். கூட ஒரு பட்டை சேத்துப் போடுங்க."

"ஏற்கெனவே இருந்ததே சாஸ்திண்ணே. இன்னும் ஏத்துனா வெறும் வண்டியில ஒக்கார முடியாது, குதிக்கும்."

"குதிக்கட்டும்."

சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நின்றது. முன்பைவிட உயரம். இப்போது என்னாலேயே ஏற முடியாது. அம்மா மெஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

அடுத்த முறை மாமா தட்டோடு வந்தது புது வீட்டுப் பால்காய்ப்புக்கு. அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா முந்திக்கொண்டார். "வண்டி ஒசரம் மாப்ள. ஒங்கக்காவால ஏற முடியாது. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத." மாமா திரும்பி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். அவருக்கும் மூச்சு வந்தமாதிரி இருந்தது. "ஆமா மச்சான், ரொம்ப ஒசரமாத்தான் இருக்கு" என்றார். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்று, மறுபடி ஓடியது. எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. அம்மா சொல்ல வேண்டிய பொய்யைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாரே என்று, வளர வளர அந்தப் பெருமை கூடத்தான் செய்தது.

வண்டி மறுபடி செங்கலுக்குப் போனது. சீட் உறை ஏற்றுக்கூலி ஆட்களின் வியர்வையிலும் செம்மண்ணிலும் நிறம் போய், ஒருநாள் கண்ணாடி துடைக்கிற துணியானது. அதன் மாம்பழ மஞ்சள் துண்டு மட்டும் கொஞ்ச காலம் டேஷ்போர்டில் கிடந்தது. பிறகு அதையும் காணோம். அம்மா காபி கொடுக்கும்போது வண்டி எந்தப் பக்கம் என்று கேட்பதை விட்டாள். நூலும் பட்டனும் அப்பாவே வாங்கி வந்தார், முன்போலத் தப்பான நிறத்தில். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆட்டோ. நான் பள்ளிக்கூடம், காலேஜ், வேலை என்று என் பாட்டில் ஓடினேன். வண்டியை விற்றார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார்.

போன வருஷம் அப்பாவுக்குத் திதி கொடுத்த அன்று சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். மாமாவும் வந்திருந்தார், பல் போய், குச்சி ஊன்றி. சாப்பாடு முடிந்து எல்லோரும் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க மச்சான் மாதிரி ஒரு மனுசன் வராது. எங்கக்காவுக்காக வண்டியவே எறக்குனாரு. எங்கக்காவுக்காகவே திரும்ப ஏத்துனாரு" என்றார். அவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு நானும் அம்மாவும் மிஞ்சிய வாழை இலைகளை எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"மாமா சொன்னது சரிதாம்மா. அப்பா மாதிரி யாரு செய்வா?" என்றேன்.

"நல்ல மனுசன்தான். யாரு இல்லேன்னா?" அம்மா ஒரு இலையை மடித்தாள். "ஆனா அந்தப் பட்டைய அவரு திரும்பப் போட்டிருக்க வேணாம்."

எனக்குப் புரியவில்லை. "ஒனக்காகத்தானம்மா போட்டாரு. ஒன்ன யாரும் கூப்பிடக்கூடாதுன்னு."

"எனக்காகத்தான் போட்டாரு."

"நீ சொல்லியிருக்கலாம்ல, வேணாம்னு?"

"எப்பிடிச் சொல்ல? எனக்காக அம்புட்டு ரோசப்பட்டு ஏத்திக்கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. மறுபடி எறக்குங்கன்னா அவரு மனசு என்ன ஆகும்? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். அப்பிடியே போயிருச்சு."

கடைசி இலையையும் அடுக்கிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"நான் போகமாட்டேன்னது அந்த ஒரு வீட்டுக்குத்தான ஆத்தா" என்றாள்.